லினக்ஸ் ஓட வேண்டிய மடிக்கணினியில் எந்தக் கிராஃபிக்ஸ் இருக்க வேண்டும்?

கணினியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு மடிக்கணினி வாங்க வேண்டும், அவர் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைத் தவிர வேறெதையும் பயன்படுத்துவதில்லை, கடையில் இரண்டைக் காட்டியிருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றில் ஏஎம்டி ரைசன் 7 7840எச்எஸ் ப்ராசஸரும் அதற்குள்ளேயே அமைந்த ரேடியான் 780எம் கிராஃபிக்ஸும் மட்டும் உள்ளன. மற்றொன்றில் இன்டெல் ப்ராசஸரோடு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 தனி அட்டையாக இருக்கிறது. விலை ஏறத்தாழ ஒன்றுதான். தனி அட்டை இருப்பதே மேல் என்கிறார் கடைக்காரர். மகளுக்கு நிரலெழுதுவதும், எப்போதாவது பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளும், இயந்திரக் கற்றல் பாடத்துக்கான பயிற்சிகளும், விடுதி அறையில் ஒரு வெளித்திரையும்தான் வேலை; நாள் முழுதும் பேட்டரி நிற்க வேண்டும், ஐந்தாண்டாவது உழைக்க வேண்டும்.

முதலாவதை வாங்குங்கள். மகளின் படிப்புக்குக் கியூடா (என்விடியா அட்டைகளில் கணக்கீடுகளை ஓட்டும் அந்த நிறுவனத்தின் மென்பொருள்) கட்டாயம் என்று ஆசிரியரே சொல்லியிருந்தால் மட்டும் இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம். அப்படி யோசிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய சில விஷயங்களையும் கீழே எழுதியிருக்கிறேன். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிட்டால், இந்த இரண்டு மாடல்களும் கிடைக்காமல் மூன்றாவது ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்தாலும் நீங்களே முடிவெடுக்க முடியும்.

விண்டோஸ் வாங்குபவர் கிராஃபிக்ஸ் அட்டையின் வேகத்தைப் பார்க்கிறார். அவருக்கு அது போதும், ஏனென்றால் அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதுவதும் சரிபார்ப்பதும் அட்டை செய்த நிறுவனத்தின் பொறுப்பு. லினக்ஸில் வேகத்துக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது: அந்த அட்டைக்கான டிரைவர் எங்கே வசிக்கிறது, அதை யார் பராமரிக்கிறார்கள்? லினக்ஸில் கிராஃபிக்ஸ் டிரைவர் ஒற்றைப் பொருளன்று. வன்பொருளை எழுப்புவது, திரைக்குப் படத்தை அனுப்புவது, மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது போன்றவற்றை, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் பகுதி பார்த்துக்கொள்கிறது; ஓபன்ஜிஎல், வல்கன் ஆகிய மொழிகளில் பிளெண்டரோ உலாவியோ கேட்பதை அட்டைக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் பகுதி, மேசா என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்புக்குள் இருக்கிறது. இவற்றோடு, அட்டைக்குள் ஏற்றப்படும் சிறிய ஃபர்ம்வேர் கோப்புகளும் உண்டு. இன்டெல், ஏஎம்டி இரண்டின் கிராஃபிக்ஸுக்கும் இந்த மூன்றும் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் போன்ற பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களோடும் சேர்ந்தே வருகின்றன. உபுண்டுவை நிறுவிய அந்த நிமிடத்திலேயே எல்லாம் இயங்கும். கெர்னல் புதிதாகும்போது டிரைவரும் கூடவே புதிதாகும். கெர்னலில் ஒருவர் ஏதேனும் மாற்றினால், அதனால் டிரைவர் உடையாதபடி அவரே சரிசெய்ய வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம்.

இதன் பலன் முதல் நாளில் முழுமையாகத் தெரியாது. ஐந்தாம் ஆண்டில், எட்டாம் ஆண்டில் தெரியும். 2011இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் ப்ராசஸரின் எச்டி 3000 கிராஃபிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து இன்டெல் சில்லுகளுக்காக குரோகஸ் என்ற புதிய டிரைவரே 2021இல் மேசாவில் சேர்க்கப்பட்டது. பத்தாண்டு பழைய, விற்பனையிலிருந்து எப்போதோ போய்விட்ட ஒரு பொருளுக்குப் புதிதாக டிரைவர் எழுதப்படுகிறது என்றால், அதன் மூலநிரல் எல்லாருடைய கையிலும் இருந்ததுதான் காரணம். எதிர்ப்பக்கத்தில், என்விடியா தன் பழைய அட்டைகளை அவ்வப்போது கைவிடுகிறது. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா என்ற மூன்று தலைமுறைகளுக்கும் 580 என்ற டிரைவர் வரிசையே கடைசி. அதற்குப் பிந்தைய வரிசைகள் அவற்றை ஏற்பதில்லை. பழைய வரிசை சில காலம் பாதுகாப்புத் திருத்தங்களோடு ஓடும், பிறகு புதிய கெர்னலோடு ஒத்துப்போவது நின்றுவிடும். மகள் ஐந்தாண்டு வைத்துக்கொள்ளப் போகும் கணினியில் இந்த வேறுபாடு, இன்று விளையாட்டில் கிடைக்கும் சில ஃபிரேம்களைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏஎம்டியின் இன்றைய நிலை இயல்பாக வந்துவிடவில்லை. 2006இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கிய ஏஎம்டி, 2007இல் தன் கிராஃபிக்ஸ் சில்லுகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. ஆனாலும் அதற்குப் பிந்தைய பல ஆண்டுகள், ஒரு பக்கம் திறந்த ரேடியான் டிரைவர், மறுபக்கம் மூடிய கேட்டலிஸ்ட் டிரைவர் என்று பயனர் இரண்டுக்கும் நடுவே அல்லாட வேண்டியிருந்தது. 2015இல் கெர்னல் 4.2இல் ஏஎம்டிஜிபியு டிரைவர் சேர்ந்த பிறகே பாதை ஒன்றானது. வல்கனுக்கான ராட்வி டிரைவரை ஏஎம்டிக்கு வெளியே இருந்தவர்களே 2016இல் எழுதத் தொடங்கினார்கள். விளையாட்டுத் துறையிலுள்ள வால்வ் நிறுவனம் அதற்கு ஆட்களையும் பணத்தையும் கொடுத்து வளர்த்தது. 2022 பிப்ரவரியில் வெளியான அவர்களது ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி ஏஎம்டி சில்லில் லினக்ஸைத்தான் ஓட்டுகிறது. அதனால் ஏஎம்டியின் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் லினக்ஸ் விளையாட்டுகள் ஓடுவதில் குறை வந்தால், அதைச் சரிசெய்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பார்த்த 780எம், ஸ்டீம் டெக்கில் இருப்பதற்கு அடுத்த தலைமுறை. 12 கணிப்பு அலகுகள் கொண்டது. நிரலெழுதும் மாணவருக்குத் தேவைக்கு மேலேயே போதும்.

என்விடியாவைப் பற்றிப் பேசும்போது பலர் 2012ஐத் தாண்டுவதில்லை. அந்த ஆண்டு ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், என்விடியா அட்டை கொண்ட தன் மடிக்கணினி படுத்தும் பாட்டைப் பற்றி ஒருவர் கேட்க, லினக்ஸ் கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நிறுவனத்தைக் கடுஞ்சொல்லால் திட்டினார். அந்தக் காணொளி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் வைத்து இன்று முடிவெடுப்பது நியாயமன்று. 2022 மே மாதம் டூரிங் தலைமுறை முதலான அட்டைகளுக்குக் கெர்னல் பகுதியின் மூலநிரலை என்விடியா திறந்தது. 2024இல் 560 வரிசையிலிருந்து அதுவே முதல் தேர்வாகிவிட்டது. லினக்ஸில் திரையைக் கையாளும் புதிய முறையான வேலண்டில் திரை மினுங்கும் பழைய பிரச்சினைக்கு, அதே ஆண்டு 555 வரிசையில் வந்த வெளிப்படை ஒத்திசைவு வசதி பெருமளவு தீர்வு தந்தது. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் திறக்கப்பட்டது கெர்னல் பகுதி மட்டுமே. ஓபன்ஜிஎல், வல்கன், கியூடா பகுதிகள் இன்னும் மூடியவை. திறந்த அந்தப் பகுதியும் கெர்னலின் மூலநிரல் மரத்துக்கு வெளியேதான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கெர்னல் மேம்படுத்தலின்போதும் அதற்குப் பொருத்தமான டிரைவர் தொகுதியும் கூடவே வந்து சேர வேண்டும், அல்லது உங்கள் கணினியிலேயே புதிதாகத் தொகுக்கப்பட வேண்டும். மேசாவுக்குள் என்விகே என்ற முழுக்கத் திறந்த வல்கன் டிரைவர் வளர்ந்துவருகிறது. கெர்னலுக்குள் ரஸ்ட் மொழியில் நோவா என்ற டிரைவரும் உருவாகிவருகிறது. இரண்டையும் நான் மிகுந்த நம்பிக்கையோடு பார்க்கிறேன். ஆனால் இன்று வாங்கும் பொருளை நாளை வரப்போகும் டிரைவரை நம்பித் தேர்ந்தெடுக்கக் கூடாது.

மடிக்கணினியில் என்விடியா வேறு விதமாகச் சிக்கலாவதற்குக் காரணம், அங்கே அது தனியாக வருவதில்லை என்பதுதான். ப்ராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராஃபிக்ஸ் ஒன்று, வெளியே தனி அட்டை ஒன்று என்று இரண்டு இருக்கும். 2010இல் என்விடியா ஆப்டிமஸ் என்ற பெயரில் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டில், சாதாரண வேலைகளைச் சிறியது செய்யும். கனமான வேலைக்கு மட்டும் பெரியது விழித்தெழுந்து, தான் வரைந்த படத்தைச் சிறியதன் வழியாகத் திரைக்கு அனுப்பும். லினக்ஸில் பல ஆண்டுகள் இது சரியாக நடக்கவில்லை. பம்பிள்பீ என்ற தன்னார்வத் திட்டத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினோம். 2019இல் 435 வரிசையில் என்விடியாவே இதற்கான ஆதரவைக் கொடுத்தபின் நிலைமை நன்றாக மாறியது. இப்போது உபுண்டுவில் தேவைக்கேற்ப இயங்கும் முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, குறிப்பிட்ட நிரலை மட்டும் பிரைம்-ரன் கட்டளையோடு தொடங்கினால் அது பெரிய அட்டையில் ஓடும்.

எஞ்சியிருப்பது கம்பியிணைப்பு. விளம்பரத் தாளில் எங்கும் எழுதப்படாத, ஆனால் லினக்ஸ் பயனருக்கு மிக முக்கியமான விஷயம் இதுதான்: பக்கத்திலிருக்கும் எச்டிஎம்ஐ துளை எந்தக் கிராஃபிக்ஸோடு இணைக்கப்பட்டிருக்கிறது? பல மாடல்களில் அது தனி அட்டையோடு நேரடியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அப்படியானால் வெளித்திரையைச் செருகிய கணமே பெரிய அட்டை விழித்துக்கொள்ளும். திரை இணைந்திருக்கும்வரை தூங்காது. பேட்டரி கரையும், விசிறி சுழன்றுகொண்டே இருக்கும். அதைவிட மோசம், என்விடியா டிரைவர் ஏதோ காரணத்தால் ஏறவில்லை என்றால் வெளித்திரையே இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகக் கூடத்தில் கட்டற்ற மென்பொருள் அறிமுக வகுப்பெடுக்கப் போனபோது எனக்கு இது நேர்ந்தது. முந்தைய இரவு வழக்கம்போல் மேம்படுத்தல்களை நிறுவியிருந்தேன். புதிய கெர்னலுக்கு டிரைவர் தொகுதி சரியாகத் தொகுக்கப்படவில்லை. மடிக்கணினியின் சொந்தத் திரை உள்ளமைந்த கிராஃபிக்ஸில் ஓடியதால் வீட்டில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. கூடத்தில் புரொஜெக்டரைச் செருகினால் வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருந்தது. நாற்பது மாணவர்கள் காத்திருக்க, வேறொருவரின் கணினியில் வகுப்பைத் தொடங்கினேன். லினக்ஸ் எளிது என்று சொல்ல வந்த இடத்தில் அவர்கள் முதலில் பார்த்தது அது என்பது எனக்கு இன்றும் வருத்தமே.

மகளுக்கு வெளித்திரை தேவை என்று நீங்கள் எழுதியதால்தான் இதை இவ்வளவு விரிக்கிறேன். இரண்டாவது மாடலை ஏதேனும் காரணத்தால் வாங்க நேர்ந்தால், யுஎஸ்பி-சி துளைகளில் ஒன்றாவது உள்ளமைந்த கிராஃபிக்ஸோடு இணைந்திருக்கிறதா, அதன் வழியாக டிஸ்பிளேபோர்ட் என்ற திரை இணைப்பு வருகிறதா என்று அந்த மாடலை லினக்ஸில் பயன்படுத்துபவர் எவரிடமாவது கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் இரண்டு கிராஃபிக்ஸுக்கும் இடையே மாற்றிக்கொள்ளும் மக்ஸ் என்ற வசதி இருந்தால் நல்லது. மகள் விடுதியில் திரையோடு உட்காரும் நாட்களில் தனி அட்டையை மட்டும் வைத்துக்கொள்ளவும், தேர்வுக் காலத்தில் கலப்பு முறைக்கு வரவும் அது உதவும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, வேலையில்லாத தனி அட்டை முழுதாக அணைய வேண்டும். அணையாவிட்டால் பேட்டரி நேரம் பாதியாகக்கூடக் குறையலாம். இந்த வசதி டூரிங் தலைமுறையிலிருந்து உண்டு என்றாலும், அந்தத் தலைமுறையில் ஒரு அமைப்பை நாமே மாற்றி இயக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 சேர்ந்த ஆம்பியரிலிருந்து மடிக்கணினிகளில் தானாகவே இயங்கும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில், கையொப்பமில்லாத டிரைவர் தொகுதியைக் கெர்னல் ஏற்காது. உபுண்டு தன் களஞ்சியத்திலேயே கையொப்பமிட்ட என்விடியா தொகுதிகளைத் தருவதால் அங்கே இது பெரிதாக உறுத்தாது. ஃபெடோராவில் சாவியை நீங்களே பதிவுசெய்ய வேண்டியிருக்கும். இணையத்திலிருந்து என்விடியாவின் நிறுவிக் கோப்பை நேரடியாக இறக்கி ஓட்டும் பழக்கம் வேண்டாம்; நான் பார்த்த கறுப்புத் திரைகளில் பெரும்பாலானவை அங்கேயே தொடங்கியவை.

இப்போது கியூடா. இயந்திரக் கற்றல் படிக்கும் மாணவருக்கு என்விடியா வேண்டாம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பயிற்சிக் கையேடுகளும் நிரல் நூலகங்களும் அதை முன்வைத்தே எழுதப்படுகின்றன, கியூடாவுக்கு மாற்றான ஏஎம்டியின் ராக்எம் தொகுப்பு மடிக்கணினிகளின் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு அதே அளவு நம்பகமான துணையாக இன்னும் ஆகவில்லை. ஆனால் ஆர்டிஎக்ஸ் 3050இன் பொதுவான மடிக்கணினி வடிவத்தில் இருப்பது 4 ஜிபி நினைவகம். வகுப்பில் செய்யும் சிறிய மாதிரிகளுக்கு அது போதும். அவற்றுக்கு ப்ராசஸரும் போதும். பெரிய மாதிரிகளுக்கு இரண்டுமே போதாது. அப்போது கல்லூரி ஆய்வகத்துக்கோ கூகுள் கோலாப் போன்ற சேவைக்கோதான் போக வேண்டியிருக்கும். நடுவிலிருக்கும் மிகக் குறுகிய இடத்துக்காக நான்கைந்து ஆண்டுகள் பேட்டரியையும் எடையையும் சுமப்பது சரியா என்று மகளிடமே கேளுங்கள். உண்மையிலேயே வேண்டும் என்றால், 8 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள அட்டையாகப் பார்த்து வாங்குவதே பொருள். பிளெண்டரிலும் கணக்கு இதுவே. உருவங்களைச் செதுக்குவதும், அதன் விரைவான வரைதல் முறையான ஈவீயில் பார்ப்பதும் 780எம்மில் நன்றாக நடக்கும். அதன் துல்லியமான வரைதல் முறையான சைக்கிள்ஸில் முழுப்படத்தை ரெண்டர் செய்யும்போது மட்டும் என்விடியா அட்டை தெளிவாக முந்தும். எப்போதாவது செய்பவர் அந்த நேரத்தில் ப்ராசஸரிலேயே ஓடவிட்டுச் சாப்பிடப் போய்வரலாம்.

முதல் மாடலையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கென்று சொந்த நினைவகம் கிடையாது; கணினியின் ரேமையே அது பகிர்ந்துகொள்கிறது. ஆகவே ரேம் எவ்வளவு என்பதோடு எத்தனை வழிகளில் இணைந்திருக்கிறது என்பதும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே துண்டாக 8 ஜிபியைச் செருகி விற்கும் மாடல்கள் நம் கடைகளில் ஏராளம். அவற்றில் கிராஃபிக்ஸுக்கு ரேமிலிருந்து கிடைக்கும் தரவு வேகம் பாதியாகிவிடும். இன்டெல் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது: இரட்டை வழியில் ரேம் இருந்தால்தான் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயர், ஒற்றை வழியில் அதே சில்லு வெறும் யுஎச்டி என்றே காட்டப்படும். 8 ஜிபி துண்டுகள் இரண்டு, மொத்தம் 16 ஜிபி என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட மாடலானால் பின்னால் கூட்ட முடியாது என்பதால், வாங்கும்போதே 16 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கமே உள்ளிருக்கும் தலைமுறையைச் சொல்கிறது. 7840எச்எஸ்ஸில் 4 என்பது ஸென் 4 என்ற ப்ராசஸர் தலைமுறை. அதில் ஆர்டிஎன்ஏ 3 என்ற தலைமுறைக் கிராஃபிக்ஸ் உண்டு. 7530யூ என்பதில் 3. அதனுள் இருப்பது பழைய வேகா கிராஃபிக்ஸ், ஏவி1 என்ற புதிய வடிவக் காணொளியை வன்பொருளில் விரித்துக்காட்ட இயலாதது. 7520யூ என்பதில் 2. அதன் கிராஃபிக்ஸ் புதியதுதான் என்றாலும் இரண்டே கணிப்பு அலகுகள் கொண்டது. மூன்றும் ஒரே அலமாரியில் ஒரே வண்ண ஒட்டியோடு இருக்கும். ஆனாலும் பணம் குறைவாக இருப்பவருக்கு நான் 7530யூவைத் தயங்காமல் சொல்வேன். விண்டோஸ் உலகில் பழைய சில்லுக்குப் புதுப்பெயர் வைப்பது குறையாகத் தோன்றலாம். லினக்ஸில் அந்தப் பழைய சில்லின் டிரைவர் பல ஆண்டு திருத்தங்களால் பக்குவப்பட்டிருக்கும், நிறுவிய நாளிலிருந்து தொல்லையில்லாமல் ஓடும்.

இதையே திருப்பிப் பார்த்தால், மிகப் புதிய சில்லை வாங்குபவர் மிகப் புதிய கெர்னலையும் வைத்துக்கொள்ள வேண்டும். 2023இல் வந்த டெபியன் 12 கெர்னல் 6.1ஐக் கொண்டது. 2024 செப்டம்பரில் வெளியான இன்டெலின் லூனார் லேக் ப்ராசஸர்களுக்கு, அதே ஆண்டு இறுதியில் வந்த 6.12ஐ ஒட்டியே ஆதரவு ஓரளவு நிறைவடைந்தது. அந்த மடிக்கணினியில் டெபியன் 12ஐப் போட்டால், எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் வழி வரைதலில் எல்லாம் மெதுவாக ஊர்வதைப் பார்த்து லினக்ஸே மோசம் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். உபுண்டு 24.04 போன்ற நீண்டகாலப் பதிப்புகளில் புதிய வன்பொருளுக்கான கெர்னலும் மேசாவும் அவ்வப்போது சேர்க்கப்படுவதால் மகளுக்கு இந்தக் கவலை குறைவு. 7840எச்எஸ் 2023ஆம் ஆண்டுச் சில்லு. இன்றைய எந்த வழங்கலும் அதை நன்கறியும்.

ஏஎம்டி மாடல் கடையில் தீர்ந்துவிட்டது, தனி அட்டை இல்லாத இன்டெல் மாடல் இருக்கிறது என்றால் அதையும் அதே நிம்மதியோடு வாங்கலாம். 11ஆம் தலைமுறை முதல் ஏவி1 காணொளியை இன்டெல் வன்பொருளிலேயே விரிக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் இந்த வசதி லினக்ஸில் இன்டெலுக்கு 2023இலேயே இயல்பாக இயக்கப்பட்டது, ஏஎம்டிக்கு 2025இல்தான் வந்தது. விளையாட்டில் பெரும்பாலும் 780எம் முந்தும். மற்றபடி தேர்வு சமம்.

ஏஎம்டியிலும் குறைகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. பேட்டரியை மிச்சப்படுத்த, அசையாத படத்தைத் திரையே நினைவில் வைத்துக்கொள்ளும் பிஎஸ்ஆர் என்ற ஏற்பாடு சில திரைகளோடு ஒத்துப்போகாமல் மினுங்கலோ உறைதலோ தரும். கெர்னலுக்கு ஒரு அளவுருவைக் கொடுத்து அதை அணைத்தால் தீர்ந்துவிடும், இன்டெலிலும் இதே தொல்லையும் இதே தீர்வும் உண்டு. எச்டிஎம்ஐ 2.1க்கான திறந்த டிரைவரை வெளியிட ஏஎம்டி அனுமதி கேட்டபோது அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ மன்றம் 2024 பிப்ரவரியில் மறுத்துவிட்டது. எனவே 4கே திரையை 120 ஹெர்ட்ஸில் ஓட்ட நினைப்பவர் எச்டிஎம்ஐயை விட்டு யுஎஸ்பி-சி வழியாக டிஸ்பிளேபோர்ட்டைப் பயன்படுத்துவது நல்லது. 4கே 60 ஹெர்ட்ஸ் வரை எந்தத் தடையும் இல்லை. காப்புரிமைச் சிக்கல் காரணமாக ஃபெடோரா 2022இல் எச்.264, எச்.265 காணொளிகளை வன்பொருளில் விரிக்கும் பகுதியைத் தன் மேசாவிலிருந்து நீக்கியது. அங்கே ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்திலிருந்து அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

திரையைப் பற்றி ஒன்று. 14 அங்குலத்தில் 1920க்கு 1200 புள்ளிகள் என்றால் அளவு மாற்றாமலே படிக்கலாம். 2880க்கு 1800 என்றால் சரியாக இரட்டிப்பாக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒன்றேகால், ஒன்றரை மடங்கு தேவைப்படும் திரைகளில் வேலண்டுக்கு முழுதாக மாறாத பழைய நிரல்களின் எழுத்துகள் மங்கலாகத் தெரியும். தமிழ் எழுத்துகளின் சுழிகளும் புள்ளிகளும் அந்த மங்கலில் ஆங்கிலத்தைவிட அதிகம் பாதிக்கப்படுகின்றன. தமிழில் படிக்கவும் எழுதவும் செய்பவர் இதைப் பொருட்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

செலவைக் குறைக்கப் பழைய மடிக்கணினி ஒன்றை யாராவது காட்டினால், ஜிடிஎக்ஸ் 1050, 1060 அல்லது எம்எக்ஸ் 150 முதல் 350 வரையிலான அட்டை உள்ளவற்றை விட்டுவிடுங்கள். அவை மேலே சொன்ன, 580 வரிசையோடு நின்றுவிட்ட பாஸ்கல் தலைமுறை. அதே காலத்து, உள்ளமைந்த இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும் கொண்ட அலுவலக மடிக்கணினி பாதி விலைக்குக் கிடைத்து, அதைவிட நீண்ட காலம் உழைக்கும். ஆப்பிளின் எம்1, எம்2 கணினிகளில் லினக்ஸை ஓடவைக்கும் அசாஹி திட்டத்தினர் செய்திருப்பது வியக்கத்தக்க வேலை. இருந்தாலும் யுஎஸ்பி-சி வெளித்திரை போன்ற அன்றாடத் தேவைகள் அங்கே இழுபறியாக இருந்துவந்திருப்பதால், ஒரே கணினியை நம்பியிருக்கும் மாணவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஸ்னாப்டிராகன் எக்ஸ் ப்ராசஸர் கொண்ட மடிக்கணினிகளுக்கும் இதே பதில்.

வாங்கும் முன் கடையிலேயே சோதிக்கக் கேளுங்கள். உபுண்டுவை ஒரு யுஎஸ்பி பென்டிரைவில் ஏற்றி எடுத்துச் சென்று, நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்க பதினைந்து நிமிடம் போதும். கணினியிலிருக்கும் எதையும் அது தொடாது. மகளையும் அழைத்துச் செல்லுங்கள், அவருக்கு இது கைவந்த வேலை. முனையத்தில் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கே என்ற விருப்பத்தோடு கொடுத்தால் ஒவ்வொரு கிராஃபிக்ஸுக்கும் எந்த டிரைவர் ஏறியிருக்கிறது என்று காட்டும். அமைப்புகளில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் ரேடியான் என்றோ இன்டெல் என்றோ இல்லாமல் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால், அந்த உபுண்டு பதிப்பு அந்தச் சில்லுக்குப் பழையது என்று பொருள். திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். கடையிலுள்ள ஏதேனும் ஒரு திரையை எச்டிஎம்ஐயிலும் யுஎஸ்பி-சியிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். பிறகு மூடியைச் சாத்தி இரண்டு நிமிடம் காத்திருந்து திறங்கள். படம் திரும்பி வருகிறதா, விசை தட்டினால் எழுத்து விழுகிறதா என்று கவனியுங்கள். உறங்கி எழுவதில்தான் கிராஃபிக்ஸ் டிரைவர்கள் அதிகம் தடுமாறுகின்றன. இதை மூன்று முறையாவது செய்ய வேண்டும்.

கடைக்காரர் பெட்டியைப் பிரிக்க மறுத்தால், திருப்பிக் கொடுக்கும் காலம் எத்தனை நாள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாடலின் பெயரை மட்டும் நம்பாமல் அடியிலுள்ள ஒட்டியில் இருக்கும் முழு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு திரையும் வெவ்வேறு கிராஃபிக்ஸும் விற்பது சாதாரணம், உபுண்டு தரும் சான்றும் குறிப்பிட்ட ஒரு அமைப்புக்கே உரியது. முதல் வாரத்தில் ஒருநாள் இரவு, பேட்டரி அளவைக் குறித்துவிட்டு மூடியைச் சாத்தி வைத்துக் காலையில் பாருங்கள். சில விழுக்காடு குறைந்திருந்தால் இயல்பு. பாதி போயிருந்தால் உறக்கத்தில் ஏதோ ஒன்று அணையவில்லை. கணினியை முழுதாக மேம்படுத்திவிட்டு, தயாரிப்பாளர் தந்திருக்கும் புதிய பயாஸையும் ஏற்றிவிட்டு மறுநாள் இரவும் அதையே செய்து பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் காலம் கடக்கும் முன் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.